அடுத்த வீட்டு அடைக்கோழி

எங்கள் வீட்டுக்கு ஈஸ்டர் கோழியோடுதான் வரும். நாசரேத்தைத் தாண்டித் தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். லெந்து நாட்கள் நாற்பதும் வீட்டில் கறி கிடையாது. நான் கல்யாணமாகி வந்த புதிதில், சாம்பல் புதன் அன்றே என் மாமியார் புறவாசலில் ஒரு சேவலைக் காட்டி, "இது ஈஸ்டருக்கு" என்று சொல்லிவிடுவார். நாற்பது நாளும் கம்பும் சோளமும் நான்தான் போடுவேன். கையில் கொத்தித் தின்னும் அளவுக்குப் பழகிவிடும். அப்புறம் அதை அறுக்க மனசு எப்படி வரும்? "பேரு மட்டும் வச்சிராதம்மா. பேரு வச்சிட்டா திங்க முடியாது" என்பார் அத்தை. அவர் வைக்கவில்லை. நான் ரகசியமாக வைத்திருந்தேன்.

ஈஸ்டரும் முட்டையும் எப்படிச் சேர்ந்தன என்று வாசகி ஒருவர் போன வருஷம் கேட்டிருந்தார். பழைய காலத்தில் லெந்து நாட்களில் கறியோடு முட்டையையும் விலக்கி வைத்தார்கள். மனுஷர் நோன்பிருந்தால் கோழிக்கு என்ன? அது பாட்டுக்கு இட்டுக்கொண்டே இருக்கும். அதிலும் குளிர் நாடுகளில், பகல் குறுகிய பனிக்காலத்தில் முட்டையை நிறுத்திவிட்ட கோழிகள், பகல் நீளத் தொடங்கும் இந்த மாதங்களில்தான் மறுபடி இட ஆரம்பிக்கும். பண்டிகை அன்று வீட்டில் முட்டை குவிந்து கிடக்கும். அவித்தார்கள், சாயம் பூசினார்கள், பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். கிழக்கத்திய சபைகளில் இன்றும் சிவப்புச் சாயம்தான். நம் ஊரில் கதை நேர் எதிர். பங்குனி வெயில் ஏற ஏற முட்டை குறையும், கோழிக்கு நோயும் வரும். நான் சொல்லப்போவதும் அப்படி ஒரு பங்குனியில் நடந்ததுதான். மூன்று வருஷமாக இதை எழுதலாமா வேண்டாமா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

எங்கள் புறவாசலுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர். அந்த வீட்டு அக்காவுக்கு அப்போது அறுபது வயது இருக்கும். ஒரு பசுமாடு, வைக்கோல் படப்பு, கிணற்றடியில் கீரைப் பாத்தி, ஏழெட்டு கோழி என்று தனியாளாகக் கட்டி ஆள்கிறவர். பெண்கள் இருவரையும் வெளியூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார். செவ்வாய்க்கிழமை தவறாமல் திருச்செந்தூர் போய் வருவார். எங்கள் வீட்டுச் சேவல் கூவினால், "முருகனுக்கு அலாரம் அடிக்கு" என்று சிரிப்பார். இருபது வருஷமாகக் கிறிஸ்துமஸ் முந்திரிக்கொத்து அந்தப் பக்கம் போகும், தீபாவளி அதிரசம் இந்தப் பக்கம் வரும். பாத்திரம் மட்டும் ஒரு நாளும் வெறுமையாகத் திரும்பியதில்லை. ஒன்றும் இல்லாத நாளில் ஒரு கொத்து முருங்கைக் கீரையாவது அதில் கிடக்கும்.

எங்கள் தெருவில் பல வருஷம் பங்குனி உத்திரமும் ஈஸ்டரும் ஒரே வாரத்தில் வரும். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். உத்திரமும் பௌர்ணமியை ஒட்டியே வரும். எங்கள் பக்கத்தில் உத்திரம் என்றால் சாஸ்தா கோயில். எந்த ஊரில் பிழைத்தாலும் அன்றைக்குக் குடும்பத்தோடு வந்து தங்கள் சாஸ்தாவுக்குப் பொங்கல் வைத்தே ஆகவேண்டும். ஆக அந்த வாரம் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் விருந்தாளிகள்தான். அந்த வருஷம் உத்திரம் புதன்கிழமை. அக்கா வீட்டில் இரண்டு பெண்கள், இரண்டு மருமகன்கள், பேரப்பிள்ளைகள் என்று வீடு கொள்ளாத கூட்டம்.

அதற்கு முந்தின சனிக்கிழமை என் கோழிகள் சுவரைத் தாண்டிப் போய் அக்காவின் தண்டுக்கீரைப் பாத்தியைக் கிளறி நாசம் பண்ணிவிட்டன. பிள்ளைகள் வருகிறார்கள் என்று ஆசையாக வைத்திருந்த பாத்தி. அக்காவுக்குக் கோபம் வராமல் இருக்குமா? "இனி ஒரு கோழி இந்தப் பக்கம் வந்துச்சுன்னா மருந்து வச்சிருவேன், பாத்துக்க" என்று கத்தினார். கிராமத்தில் கோழி வளர்க்கிற எவரும் வருஷத்துக்கு நாலு தடவை கேட்கிற வசனம் இது. நானே அதே வசனத்தைத் தெருக்கோடி ஆட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை கூட்டைத் திறந்தால் இரண்டு கோழி செத்துக் கிடந்தன. செவ்வாய் நான்கு. உத்திரத்தன்று காலை, மிச்சமிருந்த மூன்றும் போயின. ஒன்பது பெட்டைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஈஸ்டருக்கென்று ஒதுக்கிய சேவல் மட்டும் நின்றுகொண்டிருந்தது. அந்த ஒன்பதில் என் செல்லம் ஒரு புள்ளிக்கோழி. பத்து நாளாக அது முட்டை இடவில்லை என்று நான் ஏசிக்கொண்டிருந்தேன். கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக் கிடந்த அதை வாரி எடுத்தபோது எனக்குக் கண் மண் தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா குடும்பம் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. பொங்கல் பானை, விறகு, தேங்காய்க் குலை எல்லாவற்றையும் மருமகன்கள் வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் செத்த கோழியைச் சுவரின் மேல் போட்டேன். "சொன்னமாதிரியே மருந்து வச்சுக் கொன்னுட்டீங்கள்லா?" என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் போயிருக்கும். "வாயில்லாச் சீவனைக் கொன்னுட்டு சாஸ்தா கோயிலுக்குப் போய் என்ன புண்ணியம்?" என்று கேட்டேன். தெருவே கேட்டது.

அக்கா திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் இருந்த பொங்கல் பானையை அப்படியே திண்ணையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மூத்த மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். அரை மணி நேரம் கழித்து வேன் கிளம்பிப் போன சத்தம் கேட்டது. எனக்கு நியாயம் பேசிய திருப்தி. மத்தியானம்வரை அது இருந்தது.

வியாழக்கிழமை காலை என் வீட்டுக்காரர் செத்த கோழி ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனார். விஷம் என்று எழுதி வாங்கி வந்து பஞ்சாயத்தில் வைக்க வேண்டும் என்பது என் திட்டம். டாக்டர் அதை அறுத்துப் பார்த்தார். இரைப்பையின் உட்பக்கத்தில் சிவப்புச் சிவப்பாக ரத்தப் புள்ளிகள். எச்சம் பச்சையும் வெள்ளையுமாகப் போனதா, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியதா, கழுத்து திருகியதா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் ஆமாம். கடைசியாக, "பிப்ரவரி முகாமில் ஊசி போட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

போடவில்லை. கால்நடைத் துறை வருஷந்தோறும் பிப்ரவரியை ஒட்டி ஊர் ஊராக வந்து கோழிகளுக்கு இலவசமாகத் தடுப்பூசி போடும். வெயில் காலத்தில்தான் இந்த நோய் தலைவிரித்து ஆடும் என்பதால் அதற்கு முந்தியே போட்டுவிடுவார்கள். அந்த வருஷம் எங்கள் தெருவுக்கு அவர்கள் வந்த அன்று, "ஊசி போட்டா முட்டை நின்னுரும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் கூட்டைத் திறக்கவே இல்லை. அக்கா தன் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொடுத்ததைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோழி ஒன்றுகூடச் சாகாததுதான் எனக்குப் பெரிய சாட்சியாகத் தெரிந்தது. 'இவள் கோழிக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?' அதற்குக் காரணம் ஊசி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளைக்கழிச்சல் என்று நம் பக்கத்தில் சொல்வது இதைத்தான். ராணிக்கெட் என்றும் பெயர், அது வடக்கே ஒரு மலை ஊர். இங்கிலாந்தில் நியூகாசில் என்ற ஊரின் பேரை இதற்கு வைத்தார்கள். எந்தப் பேரில் வந்தாலும் வந்தபின் மருந்து கிடையாது. நாட்டுக்கோழிக்கு எந்த நோயும் வராது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கையடியில் ஊசி. ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் நல்லது. செத்ததைத் தூக்கிக் குப்பையில் எறியக் கூடாது. நாய் இழுத்துப்போய் ஊர் முழுக்கப் பரப்பிவிடும். நாங்கள் எங்கள் விளையில் பனை மூட்டில் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடினோம்.

அன்று பெரிய வியாழன். ராத்திரி ஆலயத்தில் திருவிருந்து. இயேசு கடைசியாகச் சீடர்களோடு பந்தியில் உட்கார்ந்த இரவு. பந்திக்கு அழைக்கும் முன் குருவானவர், அயலாரோடு சமாதானமாக இருக்கிறவர்கள் வாருங்கள் என்ற பொருளில் சொல்வார். எத்தனை வருஷமாகக் கேட்டிருக்கிறேன்! காதில் விழும், எழுந்து போவேன், அவ்வளவுதான். அன்றைக்கு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. எங்கள் வரிசையில் எல்லோரும் என் முழங்காலைத் தாண்டிக்கொண்டு போனார்கள். சின்ன ஊர், யார் பந்திக்குப் போகவில்லை என்பது மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டார். "பந்திக்குப் போகாம உக்காந்திருந்தா அவ மனசு ஆறிருமா? நீ அங்கயில்லா போகணும்?" என்று கையால் சுவரைக் காட்டினார்.

போகவில்லை. தூக்கமும் வரவில்லை. விடியற்காலை நாலு மணிக்குச் சேவல் கூவியது. மற்ற நாளில் புறவாசலில் பெட்டைகளின் கொக்கரிப்பு பின்னாலேயே வரும். அன்று அது தனியாகக் கூவிவிட்டு நிறுத்தியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூவியது. பெரிய வெள்ளி விடியலில் சேவல் சத்தம் கேட்டால் எந்தக் கிறிஸ்தவ வீட்டிலும் பேதுருவின் நினைவு வரும். சேவல் கூவுவதற்கு முன்னால் மூன்று தரம் தன் குருவைத் தெரியாது என்று சொன்னவர். நான்கு சுவிசேஷத்திலும் அந்தச் சேவல் உண்டு, மாற்கு எழுதியதில் மட்டும் இரண்டு முறை கூவும். பேதுரு தெரிந்தவரைத் தெரியாது என்றார். நான் தெரியாததைத் தெரியும் என்றேன், அதுவும் ஊருக்கு முன்னால்.

மத்தியானம் மும்மணி ஆராதனை. பன்னிரண்டு முதல் மூன்று வரை, சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகத் தியானிப்போம். முதல் வார்த்தையே மன்னிப்பைப் பற்றியது, தாங்கள் செய்வது இன்னதென்று அறியாதவர்களுக்காக. நான் அறியாமல் செய்தேனா? எச்சத்தின் நிறத்தைப் பார்க்காமல், ஒரு டாக்டரைக் கேட்காமல், அறிந்துகொள்ள வேண்டாம் என்றுதானே செய்தேன். அந்தக் கணக்கில் எனக்கு இடமில்லை என்று தோன்றியது. ஆராதனை முடிந்து கொடுத்த கஞ்சியைக்கூடக் குடிக்காமல் நேராக அக்கா வீட்டு வாசலுக்குப் போனேன்.

பெண்களும் மருமகன்களும் முந்தின நாளே கிளம்பிப் போயிருந்தார்கள். அக்கா மட்டும் திண்ணையில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னது, ஊசி போடாதது, என் வாய், சாஸ்தாவை இழுத்தது. அழுகையும் வந்தது. அக்கா புளியை உடைத்துக்கொண்டே கேட்டார். அப்புறம் நிமிர்ந்து பார்த்து, "எம் மருமவன்மாரு முன்னால சொன்ன. இப்பம் சுவத்துக்கு முன்னால மன்னிப்பு கேக்க" என்றார்.

நான் என்ன பதில் சொல்ல? வீட்டுக்கு வந்து இரண்டு மருமகன்களின் போன் நம்பரையும் என் வீட்டுக்காரர் மூலமாக வாங்கினேன். அன்றிரவு பேசத் தைரியம் வரவில்லை. சனிக்கிழமை காலை பேசினேன். இளையவர், "அதை விடுங்கத்தை, கோபத்துல வாரதுதான்" என்று சிரித்து முடித்துவிட்டார். மூத்தவர் வெகுநேரம் பேசவில்லை. "அன்னைக்குக் கோயில்ல அத்தை பொங்கப் பானையத் தொடவே இல்ல. பிள்ளைகளைத்தான் கிண்டச் சொன்னாக" என்றார். அப்புறம், "சரித்தை, நீங்க கூப்பிட்டீங்கன்னு நான் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டார். அந்த இரண்டாவது போன்தான் எனக்கு அந்த வருஷத்து லெந்து. நாற்பது நாள் கறி தின்னாததெல்லாம் ஒன்றுமே இல்லை.

அன்று சாயங்காலம் ஒரு சின்ன அனர்த்தம். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று என் மகன் கடைத்தெருவில் சைக்கிள்காரரிடம் நாலு கலர்க் கோழிக்குஞ்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறான். பச்சை, ரோஸ், ஊதா, மஞ்சள். பண்டிகை நேரம், திருவிழா நேரம் எல்லாம் இந்த வியாபாரம் நடக்கிறது. முட்டைக்கோழிப் பண்ணைகளுக்கு ஆண் குஞ்சு தேவையில்லை என்று ஒதுக்கித் தள்ளுவதைத்தான் சாயத்தில் முக்கி எடுத்து விற்கிறார்கள். தாயின் சூடு இல்லாமல், தடுப்பு மருந்து இல்லாமல், வெயிலில் அட்டைப் பெட்டிக்குள் அலைந்து, பெரும்பாலானவை வீட்டுக்கு வந்த சில நாளிலேயே செத்துப்போகும். பிள்ளைகள் ஈஸ்டர் பரிசாகக் கேட்டாலும் வாங்கிக் கொடுக்காதீர்கள். அதுவும் நோய் விழுந்த எங்கள் புறவாசலில் அவற்றை எப்படி விட? மாடி அறையில் ஒரு பெட்டிக்குள் குண்டு பல்பு போட்டு வைத்தோம். ஒரு வாரத்துக்குள் மூன்று போயின. ஊதா மட்டும் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தது. அவன் அழுததையும் பார்க்க வேண்டியிருந்தது.

ஈஸ்டர் அன்று விடியற்காலை நாலு மணி ஆராதனை எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்தில் தொடங்கும். இருட்டில், தேரி மணலில் கால் புதையப் புதைய, ஆளுக்கொரு மெழுகுவர்த்தியோடு போவோம். காற்றில் அணைந்துகொண்டே இருக்கும், பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பத் திரும்பப் பற்ற வைத்துக்கொள்வோம். மாமனார் கல்லறை மேல் அத்தை ஒரு திரியை நட்டுவைத்துவிட்டு, வழக்கம்போல, "உங்களுக்கென்ன, படுத்திருக்கீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னார். கிழக்கு வெளுக்கும்போது பாட்டுப் பாடிக்கொண்டே ஆலயத்துக்கு வருவோம். அன்று திருவிருந்துக்குப் போனேன். தகுதி வந்துவிட்டது என்று நினைத்து அல்ல. செய்ய முடிந்ததைச் செய்தாயிற்று, இனி என் கையில் எதுவும் இல்லை என்றுதான்.

சேவலை அறுக்கவில்லை. அந்த வருஷம் கடையில் வாங்கிய ஆட்டுக்கறியும் நெய்ச்சோறும். இரண்டு தூக்குச்சட்டி நிறைய எடுத்து மகனிடம் கொடுத்து அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டாரே என்று எனக்குச் சந்தோஷம். சாயங்காலம் தூக்குச்சட்டி இரண்டும் சுவரின் மேல் இருந்தன. பளபளவென்று தேய்த்துக் கழுவி, கவிழ்த்து வைத்திருந்தது. நிமிர்த்திப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. இருபது வருஷத்தில் முதல் தடவை. ஒரு முருங்கை இலைகூட இல்லை.

அவர் ஏசியிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அத்தையிடம் சட்டியைக் காட்டினேன். "சாப்பாட்டை எடுத்துக்கிட்டால்லா? அந்த மட்டும் போதும். ஈஸ்டர் இன்னைக்கோடயா முடியுது? பெந்தெகொஸ்தே வரைக்கும் ஐம்பது நாள் இருக்கு" என்றார். அவர் ஆறுதலுக்குச் சொன்னாரா, கணக்குச் சொன்னாரா, தெரியவில்லை.

நாட்கள் போயின. சுவரோரம் பார்த்தால் சிரிப்பு இல்லை, முகம் திருப்புவதும் இல்லை. ஏப்ரல் கடைசியில் கோடை விடுமுறைக்கு அவர் பேத்தி வந்தாள். ஏழு வயசு. இரண்டாம் நாளே சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "சின்னாச்சி, ஒங்க புள்ளிக்கோழி குஞ்சு பொரிச்சிருக்கு" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செத்த கோழி எப்படிப் பொரிக்கும்?

விஷயம் இதுதான். பத்து நாளாக முட்டை இடவில்லை என்று நான் ஏசிக்கொண்டிருந்த புள்ளிக்கோழி, அக்காவின் வைக்கோல் படப்புக்குள் பள்ளம் பறித்து அங்கே இட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஏழு முட்டை. அந்தச் சமயம் அக்காவின் கருங்கோழி ஒன்று அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை, என் வீட்டில் முதல் இரண்டு கோழி செத்த அதே நாளில், அக்கா அந்த ஏழையும் கூடையில் மணல் பரப்பி, ஒரு கரித்துண்டும் இரும்பாணியும் போட்டு, தன் கோழிக்கு அடியில் அடை வைத்திருக்கிறார். உத்திரத்தன்று காலை நான் செத்த புள்ளிக்கோழியைச் சுவரில் போட்டுக் கத்தினேனே, அப்போது அதன் முட்டைகள் அந்த வீட்டு அடுக்களை மூலையில் சூடேறிக்கொண்டிருந்தன. வெள்ளிக்கிழமை நான் வாசலில் நின்று அழுதபோதும் அக்கா அதைச் சொல்லவில்லை. பொங்கல் பானையைப் போலவே அதையும் தனக்குள் வைத்துக்கொண்டார்.

இருபத்தொரு நாள் கழித்து நாலு பொரித்தன. வெயிலில் சில நாள் பழசாகிப்போன முட்டை, அதனால் மூன்று கூமுட்டை. அடைக்கோழிக்குத் தன் முட்டை, பிற முட்டை என்ற பேதம் தெரியாது என்பது வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். வாத்து முட்டையை வைத்தாலும் உட்காரும். கோழி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்ப்பதைப் போலச் சேர்த்துக்கொள்ள நினைத்தேன் என்று இயேசு எருசலேமைப் பார்த்து அங்கலாய்த்ததாக மத்தேயுவும் லூக்காவும் எழுதியிருக்கிறார்கள். பேதுருவின் சேவலை வைத்து நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்தக் கோழியை வைத்து ஒன்றுகூடக் கேட்டதில்லை. பிரசங்கம் பண்ணுகிறவர்கள் அடை வைத்ததில்லையோ என்னவோ.

தெரியாததுபோலவே இருந்தேன். பேத்தியிடமும், ஆச்சியிடம் சொல்லாதே என்றேன். அவளிடம் சொன்னால் நிற்குமா? ஆனாலும் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தினமும் காலையில் சுவருக்கு மேலாகக் கருங்கோழியும் அதன் பின்னால் நாலு குஞ்சும் போவதைப் பார்ப்பேன். இரண்டு அதன் சொந்தக் குஞ்சுகள் போலக் கறுப்பு, இரண்டு அச்சு அசல் என் புள்ளிக்கோழி. ஒரு நாள் கறுப்பில் ஒன்றைக் காகம் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் கம்பை எடுத்துக்கொண்டு ஓடினோம். பிடிக்க முடியவில்லை. மூச்சு வாங்க நின்றபோது அக்கா, "பாழாப்போற காக்கா" என்றார். அதுதான் அவர் எனக்கு முன்னால் பேசிய முதல் வார்த்தை. என்னிடமா, காக்காவிடமா என்று இன்றுவரை கேட்டுக்கொள்ளவில்லை.

பெந்தெகொஸ்தேக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், அக்கா எங்கள் புறவாசல் வழியாக வந்தார். கையில் துணி போட்டு மூடிய பனையோலைக் கூடை. இறக்கி வைத்துத் துணியை எடுத்தார். மூன்று குஞ்சும் திருதிருவென்று விழித்தன.

"பொரிச்ச அன்னைக்கே தந்திருப்பேன். ஒம் முத்தத்துல நோவு கெடந்துது. சுண்ணாம்பு அடிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுல்லா, இனி விடலாம்" என்றார். ஏழாம் நாள் மூன்றையும் கூடையில் வைத்து பஸ் ஏறி மருந்தகத்துக்குப் போய்ச் சொட்டு மருந்தும் போட்டு வந்திருக்கிறார். "எட்டு வாரம் ஆனதும் ஊசி போடணும். முகாம் வரட்டும்னு இருந்திராத. முட்டை நின்னுருமுன்னு எவளும் சொன்னா எங்கிட்ட அனுப்பு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "ஏட்டி, கூடையைத் தா. எனக்கு மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றார்.

குஞ்சுகளைக் கூட்டில் விட்டுவிட்டுக் கூடையைக் கையில் எடுத்தேன். வெறுங்கூடையை எப்படிக் கொடுக்க? அடுக்களையில் காலையில் விளையிலிருந்து வந்த நுங்கு ஒரு குலை கிடந்தது. அதைத் தூக்கிக் கூடைக்குள் வைத்தேன். அக்கா கூடையை வாங்கினார், நுங்கை ஒரு பார்வை பார்த்தார்.

"முத்திப்போச்சு போல. இதையெல்லாம் எம் பேத்தி திம்பாளா?" என்று சொல்லிக்கொண்டே இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.